போயா நாளில் பெரட்டு

நம்ம வயசுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமையிலும் நம் அம்மாமார் கூடையை மாட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்குப் போன அந்தச் சில வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? அறுபதுகளின் பின்பாதி அது. ஞாயிறு லீவை எடுத்துவிட்டு பௌத்தர்களின் போயா நாளைத்தான் வார லீவாக அரசாங்கம் வைத்திருந்தது. அமாவாசை, பௌர்ணமி, நடுவில் வரும் இரண்டு அரைநிலா நாள். இந்த வாரம் செவ்வாய் என்றால் அடுத்த லீவு புதன், அதற்கடுத்தது புதனோ வியாழனோ. நிலா நகர நகர லீவும் நகர்ந்துகொண்டே போகும். என் மருமகளிடம் சொன்னால், "கதை விடாதீங்க மாமி" என்று சிரிக்கிறாள். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். நீங்களாவது ஆமாம் என்றால் எனக்கு நிம்மதி.

போன மாதம் எங்கள் தோட்டத்து மண்டபத்தில் ஒரு கூட்டம். பிரதேச செயலகத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்து, வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கு இப்போது என்னென்ன சட்டம் இருக்கிறது என்று விளக்கினாள். கோர்ட்டில் பாதுகாப்புக் கட்டளை என்று ஒன்று வாங்கலாமாம். வாங்கினால் அடிக்கிற ஆள் பக்கத்தில் வரக் கூடாதாம். என் பக்கத்தில் இருந்த கூட்டாளி என் தொடையில் தட்டி, "நமக்கு ஏதுடி இதெல்லாம்? நம்ம காலத்துல சட்டம் இருந்துச்சோ இல்லையோ, வௌக்குமாறு இருந்துச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுந்து ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. ஆனால் நாலு பேர் முன்னால் எழுந்து நிற்க எனக்குக் கூச்சம். பேசாமல் வந்துவிட்டேன். வந்ததிலிருந்து மனசு சரியில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்குப் பத்து முடிந்து பதினொன்று. நாங்கள் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம். அம்மாவின் தங்கையை, என் சின்னம்மாவை, பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். சின்னம்மா இரண்டு தடவை முகம் வீங்கி எங்கள் வீட்டுக்கு வந்தாள். இரண்டு தடவையும் அப்பா கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மூன்றாம் தடவை சேதி மட்டும் வந்தது; அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வழி நான்தான்.

"நீ சின்னம்மா கூடப் போயி இருக்கணும் பாப்பா. ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா அங்ஙன இருந்தாப் போதும். சின்னப் புள்ள கண்ணு முன்னால எந்த மனுசனும் கை ஓங்க மாட்டான்."

"பள்ளிக்கூடம்?"

"ஒரு ஆறு மாசந்தான்."

அப்பா கெட்டவர் இல்லை. லயத்து வரிசை வீடுகளில் எந்த வீட்டில் சண்டை என்றாலும் ஓடிப்போய் நடுவில் நிற்கிறவர். அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் நடுவில் ஆளை நிறுத்துவது. நிறுத்துவது ஒரு சின்னப் பிள்ளையை என்பது அவருக்கு உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை. காவலுக்குப் போகிறேன் என்று பெருமையோடுதான் கிளம்பினேன்.

ரயிலில் போனோம். தெமோதரையில் ரயில் மலையைச் சுற்றி வளைந்து, தான் வந்த பாதைக்குக் கீழேயே குகைக்குள் நுழைந்தபோது எட்டிப் பார்த்தேன்; கண்ணில் தூசி விழுந்தது; அப்பா வேட்டி முனையைச் சுருட்டி ஊதி ஒத்தடம் கொடுத்தார். பதுளையில் இறங்கியதும் தண்டவாளத்தின் முனையைப் பார்க்க ஓடினேன். தண்டவாளம் முடிந்துபோகிற இடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு கட்டை, கொஞ்சம் புல், அவ்வளவுதான். இதற்கு மேல் போக முடியாதா என்று ஒரு பயம் அப்போதே வந்தது. இன்றைக்கும் பதுளை ஸ்டேஷன் என்றால் எனக்கு அந்தக் கட்டைதான்.

சித்தப்பா ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. சிரித்தால் கன்னத்தில் குழி விழும். மாசியில் காமன் கூத்து நடக்கும்போது மன்மதன் வேஷம் அவருக்குத்தான். முகத்தில் பச்சை பூசி, கரும்பு வில்லோடு அவர் ஆடி வரும்போது பெண்கள் எல்லோரும் சின்னம்மாவைத் திரும்பிப் பார்த்து, "குடுத்து வச்சவடி" என்பார்கள். அன்று அவர் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பதுளைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்குக் கூட்டிப் போனார். கருவாடு, கொத்தமல்லி, புதுத்துணி எல்லாம் கலந்த வாசம். புது வருஷம் பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. நானா ஒரு நாட்கலண்டரைச் சுருட்டி என் கையில் வைத்தார்.

"இந்தாங்க மகள். ஒரு வருஷத்தையே உங்க கையில குடுத்துட்டேன். கிழிச்சுப் போட்டுடாம பாத்துக்கோங்க."

"கிழிக்கத்தானே நானா கலண்டரு?" என்றார் சித்தப்பா.

"ஒவ்வொண்ணா கிழிக்கணும் தம்பி. அவசரப்படக் கூடாது."

லயத்து வாசலில் சின்னம்மா கைப்பிள்ளையோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன். தலையைத் தடவி, அப்பாவுக்குக் கேட்காத குரலில், "ஒன்னையுமா அனுப்பிட்டாரு" என்றாள்.

பகலில் சின்னம்மாவும் சித்தப்பாவும் வேலைக்குப் போய்விட்டால் அந்தக் கைப்பிள்ளையை, என் தம்பியை, பார்த்துக்கொள்வது என் பாடு. கதவுப் பக்கத்து ஆணியில் கலண்டர். தினமும் காலையில் முந்தின நாள் தாளைக் கிழிப்பது என் உரிமை. வேறு யாரும் தொட விடமாட்டேன். எழுத நோட்டுக் கொப்பி கிடையாது. தாளின் பின்பக்கத்தில்தான் கரித்துண்டால் எழுதிப் பழகினேன். வேலை நாளெல்லாம் கறுப்பு எழுத்து, போயா சிவப்பு. போயாவுக்கு மறுநாள் அந்தச் சிவப்புத் தாள் என் கைக்கு வரும். எச்சில் தொட்டு உதட்டில் தேய்த்தால் வெற்றிலை போட்டதுபோல் சிவக்கும். காகிதமும் மையும் சேர்ந்த அந்தக் கசப்பு நாக்கில் இருக்கும். சின்னம்மா பார்த்துச் சிரிப்பாள்.

"வந்துட்டாங்கய்யா பொண்ணு. மாப்பிள எங்க?"

"மாப்பிள கொழுந்து நிறுக்கப் போயிருக்காரு" என்பேன்.

மலையிலிருந்து வந்த சின்னம்மா இடுப்பில் சுற்றியிருக்கும் முரட்டுத் துணியில், படங்கில், பச்சைக் கொழுந்து வாசம் அடிக்கும். அதில் முகத்தை வைத்துக்கொண்டுதான் தூங்குவேன். லயத்துக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம். பீலிக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம். என் வாழ்க்கையில் இனிப்பான காலம் எது என்று யாராவது கேட்டால் அந்த மாதங்களைத்தான் சொல்வேன். சொல்லிவிட்டு, அப்படிச் சொல்லலாமா என்று கவலைப்படுவேன்.

முதல் தடவை ஒரு போயா அன்று. காலைச் சாப்பாடு முடிந்து சித்தப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். கோபமாக இருந்ததாகக்கூட எனக்குத் தெரியவில்லை. "பாப்பா, தம்பியைத் தூக்கிட்டுப் போயி கடையில ஒரு தீப்பெட்டி வாங்கிட்டு வா" என்றார். அடுப்புக்கு மேலே தட்டில் தீப்பெட்டி இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. கடைக்குப் போகக் கிடைத்தால் யார் விடுவார்கள்? கடை தோட்டத்து முனையில். கடைக்காரர் தம்பி கையில் ஒரு டொபி மிட்டாய் வைப்பார், பாதி எனக்கு. வழியில் கொய்யா பொறுக்கி, பீலியில் கால் நனைத்து, ஆடி அசைந்து வந்து சேர்ந்தேன். சின்னம்மா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ரத்தம். சித்தப்பா வீட்டில் இல்லை.

"வழுக்கிட்டேன்" என்றாள்.

நான்தான் கைபிடித்து, தோட்டத்து மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். லீவு நாளானாலும் குவார்ட்டஸ் வீட்டுக் கதவைத் தட்டினால் டிஸ்பென்சர் ஐயா வந்து திறப்பார். மருந்து வைத்துக் கட்டிவிட்டு, பெரிய புத்தகத்தை எடுத்தார்.

"எங்க விழுந்த?"

சின்னம்மா நெற்றிக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஐயா பேனாவோடு காத்திருந்தார். எனக்குப் பதற்றம் தாங்கவில்லை. முந்தின நாள் அவள் எங்கே கொழுந்து எடுத்தாளோ அதைச் சொன்னேன்.

"ஆறாம் நம்பர் மலையிலங்க."

ஐயா எழுதிக்கொண்டார். சின்னம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். நல்ல பதில் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

எல்லாப் போயாவிலும் அப்படி நடக்கவில்லை. சில போயாக்களில் சித்தப்பா எனக்கு மூங்கிலில் பீப்பி செய்து கொடுத்தார். ஆனால் இரண்டாம் தடவையும் தீப்பெட்டி, மூன்றாம் தடவையும் தீப்பெட்டி. அவர் குடித்திருந்ததும் உண்டு, குடிக்காமல் இருந்ததும் உண்டு. ஒவ்வொரு தடவையும் "எங்க விழுந்த?" என்று ஐயா கேட்பார், "ஆறாம் நம்பர் மலையில" என்று நான் சொல்வேன், அவர் எழுதுவார். காவலுக்கு வந்த என்னை ஒரு தீப்பெட்டியால் அப்புறப்படுத்திவிடலாம் என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. அடுப்புத் தட்டில் உரசாத தீப்பெட்டிகள் அடுக்காகச் சேர்ந்தன.

மூன்றாம் தடவைக்குப் பிறகு யாரோ சொல்லி அப்பா வந்தார். கோயில் முன்னால் பஞ்சாயத்து. தோட்டத்துத் தலைவர், மலையில் வேலை வாங்கும் கங்காணி, நாலு பெரியவர்கள்.

"புருசன் பொஞ்சாதின்னா ஒண்ணு ரெண்டு இருக்கத்தான் செய்யும்" என்றார் தலைவர்.

"தங்கமான பயல். காமனாட்டத்துல பாக்கலையா?" என்றார் கங்காணி.

அப்பா தலையைக் குனிந்து, "எங்க வீட்டுப் பொண்ணுந்தான் கொஞ்சம் வாய் கூட" என்றார். அதை அவர் சொன்னபோது நான் சின்னம்மாவைப் பார்த்தேன். அவள் கோயில் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரே இலையில் இரண்டு பேருக்கும் பாயாசம் ஊற்றிச் சாப்பிடச் சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். மிச்சப் பாயாசம் எனக்கு. ஏலக்காய் மணக்க, முந்திரி போட்ட பாயாசம். இன்று நினைத்தாலும் வாயூறுகிறது. அதுதான் வெட்கமாக இருக்கிறது.

போகும்போது அப்பா என்னிடம், "நீ வீட்டுலதானே இருந்த?" என்று கேட்டார்.

"கடைக்குப் போயிருந்தேன்ப்பா."

"கடைக்கெல்லாம் போகாத" என்றார்.

பெரியவர் சொன்னால் பிள்ளை எப்படிப் போகாமல் இருக்கும்? நான் வேறு வழி யோசித்தேன். பகலெல்லாம் யோசித்தேன்; எனக்கு அப்போதே அந்த வியாதி. அடி விழுவது போயாவில். போயா வருவது கலண்டரில். கலண்டர் என் கையில்.

சித்திரை வருஷப் பிறப்புக்கு முந்தின போயா. விடிகிற நேரம், எல்லோருக்கும் முன்னால் எழுந்தேன். முந்தின நாள் கறுப்புத் தாளைக் கிழித்தேன். கீழே சிவப்பு. அதையும் சேர்த்துக் கிழித்தேன். அதன் கீழே மறுநாளின் கறுப்புத் தாள் வந்து நின்றது. வேலை நாள். சிவப்புத் தாளை ஒளித்துவைக்க இடம் தெரியாமல் வாயில் போட்டு மென்று விழுங்கினேன்.

சின்னம்மா எழுந்தாள். என்னைப் பார்த்தாள். கலண்டரைப் பார்த்தாள். பிறகு ஒரு பேச்சும் பேசாமல் முகம் கழுவி, படங்கை இடுப்பில் கட்டி, கூடையை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினாள். லயத்தில் வேறெந்த வீட்டிலும் அடுப்புப் புகையக்கூட இல்லை. அது எப்படி அவளுக்குத் தெரியாமல் போனது என்று அன்று நான் யோசிக்கவில்லை. என் வித்தை பலித்துவிட்டது என்று பூரித்துப்போனேன்.

பெரட்டு என்றால் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: விடிந்ததும் எல்லோரும் களத்தில் கூடி, பேர் கொடுத்து, யார் எந்த மலைக்கு என்று பிரிந்து போவது. சின்னம்மா போய் நின்ற களத்தில் அன்று ஒருத்தரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கங்காணி கோயிலுக்குப் பூப்பறிக்க அந்த வழியாக வந்திருக்கிறார். பிறகு கேட்க வேண்டுமா? அவர் போட்ட சிரிப்பு மூன்று லயத்துக்கும் கேட்டது.

"ஏம்மா, போயாவுக்குப் பெரட்டுக்கு வந்த ஒரே ஆளு நீதான்! நிலாவுல கொழுந்து எடுக்கப் போறியா?"

அவள் திரும்பி வரும்போது வாசலுக்கு வாசல் பெண்கள். "ரெட்டப் பேரு, ரெட்டச் சம்பளம் போட்டுக் குடுக்கச் சொல்லு கங்காணிகிட்ட!" என்று ஒருத்தி. "எங்க வீட்டுத் தோட்டத்துலயும் ரெண்டு செடி இருக்கு, வந்து எடு" என்று இன்னொருத்தி. சத்தத்தில் சித்தப்பா எழுந்து வந்தார். கங்காணி அவரைப் பார்த்து, "மன்மதனைக் கட்டிக்கிட்டு நாளும் கெழமையும் மறந்துருச்சுப்பா ஒம் பொஞ்சாதிக்கு" என்றார். சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். கன்னத்தில் குழி விழுந்தது. சிரித்து முடித்து, என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"பாப்பா, ஒரு தீப்பெட்டி வாங்கிட்டு வா."

நான் போனேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் போனேன். அன்று கொய்யா பொறுக்கவில்லை, தம்பியை இடுப்பில் வைத்து ஓடினேன், ஓடியே திரும்பினேன். சின்னம்மாவின் இடது மணிக்கட்டு திரும்பிக் கிடந்தது. டிஸ்பென்சர் ஐயா, "எங்க விழுந்த?" என்றார். எனக்கு வேறு பதில் தெரியாது. "ஆறாம் நம்பர் மலையில." அவர் எழுதிவிட்டு, எலும்பு முறிந்திருக்கிறது, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று லொறி பிடித்துக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு சிங்கள நர்ஸ், மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளைத் தொப்பி, தடித்த கண்ணாடி. தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். கையைப் புரட்டிப் பார்த்தார், சின்னம்மாவின் முதுகைப் பார்த்தார், பழைய தழும்புகளைப் பார்த்தார். பிறகு அவளைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்.

"யாரு அடிச்சது?"

நான், "ஆறாம் நம்பர்..." என்று தொடங்கி நின்றுவிட்டேன். கேள்வி வேறு. அதுவரை எல்லோரும் எங்கே என்றுதான் கேட்டார்கள். யார் என்று கேட்ட முதல் ஆள் அவர்.

"பயப்பட வேணாம். இங்க நெறைய பேரு விழுந்து வாறது. விழுந்தா கை இப்படி இல்ல. யாரு?"

"சித்தப்பா" என்றேன். சொன்னவுடன் அழுதேன். சின்னம்மாவும் அழுதாள், ஆனால் மறுக்கவில்லை. மிஸ்ஸி ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரரைக் கூப்பிட்டு எழுதவைத்தார். மூன்றாம் நாள் அப்பா வந்தார். வழக்கம்போலக் கூட்டிப்போய்த் திரும்ப விடுவதற்குத்தான் வந்தார். மிஸ்ஸி அவரை வராந்தாவில் நிறுத்தி, "நீங்க அப்பாதானே? இந்தப் புள்ளை என்னத்துக்கு அங்க வைச்சது?" என்று கேட்டார். அப்பா துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார். அன்று சின்னம்மா, தம்பி, நான் மூன்று பேரும் அப்புத்தளைக்கு வந்தோம்.

வந்தால் மட்டும் போதாது. எங்கள் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிய வேண்டும், அப்போதுதான் சின்னம்மா இருக்கலாம். தோட்டத்தை நடத்தும் துரை, "புருசன் உள்ள பொம்பளைய நான் எப்படித் தனியா எடுக்கிறது? கோர்ட்டுக் கடுதாசி கொண்டு வா" என்றாராம். மிஸ்ஸியின் அண்ணன் பதுளைக் கோர்ட்டில் வழக்குப் பேசும் புரொக்டர். அவர்தான் ஜீவனாம்சம் கேட்டுத் தாபரிப்பு வழக்குப் போட்டார். அவர் அப்பாவுக்குச் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம். புருஷன் கோர்ட்டில் வந்து, 'என்னோடு வந்து இரு, நான் வைத்துக் காப்பாற்றுகிறேன்' என்று சொன்னால், அவள் மறுப்பதற்குச் சரியான காரணம் காட்ட வேண்டும். ஒரு தடவை அடித்தான் என்பது போதாது. வழக்கமாகவே கொடுமை செய்தான் என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திரும்பிப் போவதுதான் வழி.

ஆடி மாதம் வழக்கு. கச்சான் காற்று கோர்ட்டு ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது. கோர்ட்டுக்கு முன்னாலிருந்த தேநீர்க் கடையில் அப்பா எனக்குப் பணிஸ் ரொட்டி வாங்கிக் கொடுத்தார், நான் அதைப் பிய்த்துப் பிய்த்துத் தம்பிக்குக் கொடுத்தேன். சித்தப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்தார். தம்பி தாவிப் போனான். "பாப்பா, எளைச்சுட்டியே" என்று என்னைக் கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். அதற்கும் எனக்கு அழுகை வந்தது.

கூண்டில் ஏறி, எதிர்பார்த்ததையே சொன்னார். "வரட்டுங்க. ராணி மாதிரி வச்சுக்கிறேன். நான் தொட்டதில்லைங்க. ஆஸ்பத்திரியில யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க." அவர் பக்கத்துப் புரொக்டர் டிஸ்பென்சரிப் புத்தகத்தை எடுத்தார். நான்கு தேதி வாசித்தார். நான்கிலும் ஒரே எழுத்து: வேலையில், ஆறாம் நம்பர் மலையில் வழுக்கி விழுந்தது. ஒவ்வொன்றும் வாசிக்கப்பட, நான் பெஞ்சில் சின்னதாகிக்கொண்டே போனேன். என் வாயிலிருந்து போன சொல். பொய் சொன்னதற்கு என்னை மறியலில் அடைத்துவிடுவார்கள் என்று ஒரு பக்கம் பயம். சின்னம்மா என்னால்தான் திரும்பிப் போகப் போகிறாள் என்று இன்னொரு பக்கம். அவள் மட்டும் என் முழங்காலில் கை வைத்தபடியே இருந்தாள்.

பிறகு அவர்களுடைய சாட்சியாகக் கங்காணி ஏறினார். சின்னம்மா கவனக்குறைவான ஆள், அடிக்கடி விழுகிறவள் என்று காட்டத்தான் அவரைக் கூட்டி வந்திருந்தார்கள். கங்காணிக்கோ நாலு பேர் கேட்கப் பேசக் கிடைத்த சந்தோஷம்.

"கவனமே கெடையாதுங்க. ஒருக்கா போயா அன்னைக்கே பெரட்டுக்கு வந்து நின்னுச்சுங்க! கூடையெல்லாம் மாட்டிக்கிட்டு! தோட்டமே சிரிச்சுச்சுங்க."

கோர்ட்டிலும் சிலர் சிரித்தார்கள். மிஸ்ஸியின் அண்ணன் எழுந்தார். அவர் சிங்களத்தில் கேட்க, ஒருவர் தமிழில் சொன்னார்.

"அது எந்தப் போயா?"

"வருசப் பொறப்புக்கு முந்துன போயாங்க. நல்லா ஞாபகம். கோயிலுக்குப் பூப்பறிக்கப் போனேன்."

"அன்றைக்கு ஆறாம் நம்பர் மலையில் எத்தனை பேர் வேலை செய்தார்கள்?"

கங்காணி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "ஐயாவுக்குத் தோட்டத்து வெவரம் தெரியாது போல. போயாவுல ஏதுங்க வேலை? ஒரு ஈ காக்கா இல்லைங்க மலையில."

"நிச்சயமா?"

"கங்காணி நான் சொல்றேன்ல."

புரொக்டர் புத்தகத்தை எடுத்து, கடைசித் தேதியை வாசித்தார். பிறகு கிளாக்கரிடம் சுவரிலிருந்த கலண்டரைக் கழற்றித் தரச் சொன்னார். அது மாதத்துக்கு ஒரு தாள் உள்ள கலண்டர். ஒவ்வொரு தேதியாக நீதவான் முன்னால் விரல் வைத்துக் காட்டினார். முதல் தேதி, சிவப்பு. இரண்டாவது, சிவப்பு. மூன்றாவது, சிவப்பு. நான்காவதும் சிவப்பு. லீவு வாரத்துக்கு வாரம் நகர்ந்துகொண்டிருந்த காலம் அல்லவா, வெறும் தேதியைப் பார்த்து அது போயா என்று யாருக்கும் பிடிபடவில்லை. எழுதிய டிஸ்பென்சர் ஐயாவுக்கு மட்டும் அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்தில் பொம்பளை விழுந்தாள் என்றால் மலையில்தான் விழுந்திருப்பாள் என்று எழுதியே பழகிய கை, வேறு என்ன சொல்வது?

நீதவான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கங்காணியைப் பார்த்துக் கேட்டார். தமிழில் சொன்னவர் சிரிக்காமல் சொன்னார்: "வேலை நாளில் வழுக்காத மலை, லீவு நாளில் மட்டும் வழுக்குமா என்று ஐயா கேட்கிறார்."

கங்காணி வாயைத் திறந்தார், மூடினார். அவர் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. அந்த ஒரு நிமிஷத்தில்தான் அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். இறங்கும்போது சின்னம்மா பக்கம் வந்து, "எனக்குத் தெரியாதும்மா" என்றார். சின்னம்மா தலையை மட்டும் அசைத்தாள்.

திரும்பிப் போக வேண்டியதில்லை என்று தீர்ப்பு. தாபரிப்பும் கொடுக்கச் சொன்னார்கள். துரை கடுதாசியைப் பார்த்துப் பேர் பதிந்தார். அப்பா போய்ச் சின்னம்மாவின் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பாத்திரம், ஒரு கம்பளி, உரசாத நாலு தீப்பெட்டி. அம்மாவுக்குத் தீப்பெட்டியைப் பார்த்துச் சந்தோஷம். கலண்டரைக் கேட்டேன். ஆணியில் இல்லை என்றார் அப்பா. நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. என்னோடு படித்தவர்கள் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டிருந்தார்கள், வெட்கம். சித்தப்பா சில வருஷம் கழித்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார் என்று கேள்வி.

சின்னம்மா எங்கள் லயத்திலேயே இருந்தாள். இடது கை கடைசி வரை முழுசாகத் திரும்பவில்லை. வலக் கையாலேயே கொழுந்து எடுத்து ஆட்களைத் தோற்கடித்தாள். அந்தச் சிவப்புத் தாளை நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் கிழித்ததால்தான் அவள் களத்தில் போய் நின்றாள், தோட்டம் சிரித்தது, கை முறிந்தது. கோர்ட்டில் அதுவே அவளைக் காப்பாற்றியது என்று எனக்கு நானே எத்தனை தடவை சொன்னாலும் முறிந்த கை முறிந்த கைதான். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் வயிற்றுக்குள் அது கிடந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, அவள் வீட்டில் உட்கார்ந்து பாசிப்பயறு பொறுக்கிக்கொண்டிருந்தோம். தம்பி அப்போது பதுளையில் ஒரு கடையில் வேலை. அவன் கொண்டுவந்த நாட்கலண்டர் சுவரில். அதைப் பார்த்தபடியே வாயைத் திறந்துவிட்டேன்.

"சின்னம்மா, அந்தப் போயாத் தாள நாந்தான் கிழிச்சேன்."

அவள் பயறிலிருந்து கண் எடுக்கவில்லை. "தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"போயாவுக்கு மறுநாள்தானே நீ ஒதடு பூசுவ? அன்னைக்கு விடியக் காலம்பறயே ஒன் ஒதடு செவந்திருந்துச்சு. கலண்டரப் பாத்தா கறுப்பு."

பயறைக் கீழே வைத்தேன். "அப்ப, போயான்னு தெரிஞ்சா பெரட்டுக்குப் போனீங்க?"

சின்னம்மா ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"அது வேலை நாளா இருந்தா நல்லாருக்கும்னு ஒனக்கு மட்டுந்தானா ஆச? இத்துனூண்டு புள்ள எனக்காக ஒரு நாளையே முழுங்கிட்டு நிக்குது. கூடைய மாட்டிக்கிட்டு எறங்குனேன். களத்துல ஒருத்தரும் இருக்க மாட்டாங்கன்னு தெரியாமயா? தெரியும். ஆனா அந்தப் பாதை முழுக்க, களம் வர்ற வரைக்கும், எனக்கு அன்னைக்கு வேலை நாளாத்தாண்டி இருந்துச்சு."

பிறகு எழுந்து போய், மறந்திருந்த முந்தின நாள் தாளைக் கிழித்தாள். கீழே சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை. லீவு மறுபடி ஞாயிற்றுக்கே வந்து பல வருஷம் ஆகியிருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கிழிக்கவில்லை. வந்து உட்கார்ந்து, "பயறப் பொறுக்கு" என்றாள்.